தண்ணீரில் விழுந்ததைக் கையில் கொண்டுவந்து தர: ரெற்றீவர் நாயைப் பழக்கும் முறை

லப்றடோரும் கோல்டன் ரெற்றீவரும் யாழ்ப்பாணத்தில் இப்போது நிறைய வீடுகளில் நிற்கின்றன. பெரும்பாலும் கேற்றுக்குப் பின்னால், சீமெந்து முற்றத்தில், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல். சுட்டு விழுத்திய வாத்தைத் தண்ணீருக்குள் இறங்கிக் கவ்வி, இறகு கசங்காமல் எசமானின் கையில் கொடுப்பதற்கென்றே உருவான இனங்கள் இவை. லப்றடோரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு கடலில் இறங்கி வேலை செய்த நாய்கள். 1903 இல்தான் பிரித்தானியக் கெனல் கிளப் லப்றடோரைத் தனி இனமாகப் பதிந்தது. இப்படி ஒரு நாயைக் கட்டியே வைத்திருந்தால் அது செருப்பைக் கடிக்கும், பூக்கன்றைக் கிண்டும். அதைக் குறை சொல்ல முடியாது.

இங்கே வாத்து வேட்டைக்கு இடமில்லை. காட்டு வாத்துகள் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஊசிவால் வாத்துகள் மாரியில் வந்திறங்கும் சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவும் ஆகிவிட்டது. ஆகவே இங்கே சொல்வது எல்லாம் டமி எனப்படும் பயிற்சிப் பொருளை வைத்துப் பழக்குவது பற்றி. வேட்டை நடக்கும் நாடுகளிலும் நாய் வாத்தைக் காண்பதற்கு முன் மாதக்கணக்கில் டமியில்தான் பழகுகிறது. நாய்க்கு அந்த வேலையின் சந்தோசம் துளியும் குறையாது.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஓடுவதும் கவ்வுவதும் இதன் இரத்தத்தில் உள்ளவை. நீங்கள் பழக்க வேண்டியது இரண்டுதான்: சொல்லும்வரை இருப்பது, கொண்டுவந்து கையில் தருவது. பந்தை நாள் முழுக்க எறிந்து "என்ன கெட்டிக்காரன்" என்று மகிழ்பவர்கள் இந்த இரண்டையும்தான் கெடுக்கிறார்கள்.

டமி, கயிறு, விசில்

கடையில் விற்கும் கன்வஸ் டமி பெரிய நாய்க்கு ஏறத்தாழ 450 கிராம், குட்டிக்கு அதில் பாதி. இங்கே அது கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் 200 கிராம் காய்ந்த மணலைப் போட்டு மூடியை இறுக்கி, மூடிக்கு மேலே பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அதற்குள் போத்தலைச் செருகி இரண்டு முனையையும் தையுங்கள். ஒரு முனையில் ஒரு முழக் கயிறு, அதன் நுனியில் முடிச்சு. எறிவதற்கு அது போதும். வளர்ந்த நாய்க்கு ஒரு லீற்றர் போத்தலும் 350 கிராம் மணலும். கரைக்குக் கொண்டுபோக முன்னர் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பாருங்கள். துணி ஊறிய பிறகும் மிதக்க வேண்டும்.

நிறம் முக்கியம். நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும். செம்மஞ்சளும் சிவப்பும் பச்சைக்குள் கலந்து மங்கிப்போகும். எனவே பாதி வெள்ளை, பாதி கறுப்பாகத் தைத்தால் எந்தத் தண்ணீரிலும் எடுபடும்.

நாயைக் கட்டிப் பிடிக்க 10 மீற்றர் நீளத்தில், 6 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பில் மிதக்கும் பொலிப்புறொப்பிலீன் கயிறு ஒன்று வேண்டும். மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும். பிடிக்கும் முனையில் வளையமோ முடிச்சோ போட வேண்டாம், கல்லிலும் வேரிலும் கொழுவிவிடும். விசில் எதுவானாலும் சரி, ஆனால் கடைசிவரை ஒரே விசில். நீளமாக ஒன்று என்றால் இரு; கட்டையாக மூன்று நான்கு என்றால் வா.

வாய்ச்சொல்லையும் வீட்டில் எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். "வா", "தா" இரண்டும் நாயின் காதுக்கு ஒன்றுதான். ஆகவே கையில் தருவதற்கு "விடு" என்று வையுங்கள். எடுக்க அனுப்புவதற்கு நாயின் பெயரையே சொல்லி அனுப்பலாம். வேட்டைக்காரர் பழக்கும் முறையும் அதுதான். பல நாய்கள் வரிசையில் இருக்கும்போது பெயர் சொன்ன நாய் மட்டும் எழும்பும்.

குட்டிப் பருவம்

எட்டு வாரத்தில் தொடங்கலாம். வீட்டு விறாந்தை அல்லது ஒடுங்கிய நடைபாதை நல்ல இடம். குட்டி படுக்கும் சாக்குப் பக்கம் நீங்கள் இருந்துகொண்டு, சுருட்டிய காலுறையை 3 மீற்றர் தூரத்துக்கு உருட்டிவிடுங்கள். கவ்விய பொருளோடு குட்டி தன் படுக்கைக்குத்தான் ஓடிவரும், வழியில் நீங்கள் இருப்பீர்கள். உடனே பறிக்க வேண்டாம். நெஞ்சைத் தடவி, நாலைந்து வினாடி வாயிலேயே விட்டு, பிறகு மெல்ல வாங்குங்கள். ஒரு தடவையில் இரண்டு, மூன்று உருட்டல் போதும். இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே நிறுத்துங்கள்.

நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பல் விழுந்து முளைக்கும். முரசு நோகும் அந்தக் காலத்தில் டமியைக் காட்டவே வேண்டாம். கவ்வினால் நோகும் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அதை மாற்ற நெடுநாள் எடுக்கும். அந்த நாட்களில் "இரு", "வா" இரண்டையும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துப் பழக்கலாம். கோப்பை நிலத்தில், குட்டி இருக்க வேண்டும், பெயர் சொன்ன பிறகுதான் சாப்பாடு. பிறகு டமிக்கும் இதே ஒழுங்குதான்.

பிடித்து வைத்திருத்தல்

பலரும் தாண்டிப்போகிற பாடம் இது. ஏழு மாதமளவில் தொடங்குங்கள்.

நாயை உங்களுக்கு முன்னால் இருத்தி, டமியை அதன் வாய்க்குள் மெல்ல வைத்து "பிடி" என்று சொல்லுங்கள். ஒரு கையின் இரண்டு விரலால் கீழ்த்தாடையைத் தாங்குங்கள், அமுக்க வேண்டாம். இரண்டு வினாடி. "விடு" என்று சொல்லி வாங்கி, ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம், இரண்டு வினாடியை ஐந்தாக்கி, பத்தாக்கி, அரை நிமிடமாக்குங்கள். அரை நிமிடம் மெல்லாமல், உருட்டாமல் வைத்திருந்தால், அதே டமியோடு உங்கள் பக்கத்தில் நடக்க விடுங்கள். நடக்கும்போது விழுத்தினால் திட்டாமல் எடுத்துத் திரும்ப வாயில் வையுங்கள். ஈரலைக் கண்டதும் டமியைத் துப்பினால் ஈரலைப் பையில் மறைத்து வையுங்கள். வாங்கிய பிறகே கை பைக்குப் போக வேண்டும்.

மென்று கடிக்கும் பழக்கம் ஏன் வருகிறது? ஒன்று, வீட்டில் பிள்ளைகள் துணியின் ஒரு முனையைப் பிடித்து நாயோடு இழுத்து விளையாடுவது. மற்றது, வாயிலிருந்து பறிப்பது. பறிக்கப் பறிக்க நாய் இறுக்கும். இரண்டையும் வீட்டில் முற்றாக நிறுத்துங்கள். ஆணி, முள்ளுக்கம்பி சுற்றிய டமி கொடுத்தால் திருந்தும் என்று சிலர் சொல்வார்கள். அது நாய்க்குக் கொடுமை, அதன்பின் அது டமியைத் தொடவே பயப்படும்.

தரையில்

அறுவடை முடிந்த வயல், பள்ளிக்கூட மைதானம், பனங்காணி எதுவும் நல்லது. நாயை இடப்பக்கம் இருத்தி, நாயின் கயிற்றை மிதித்துக்கொண்டு டமியை 15 மீற்றருக்கு எறியுங்கள். விழுந்ததும் ஐந்து வரை எண்ணிய பிறகே பெயரைச் சொல்லுங்கள். எறியும் டமிகளில் பாதியை நீங்களே நடந்துபோய் எடுங்கள், நாய் இருந்த இடத்தில் இருக்கட்டும். விழுவதெல்லாம் தனக்கில்லை என்று தெரிந்த நாய்தான் அமைதியாக இருக்கும்.

கவ்வியதும் விசிலை ஊதிக்கொண்டு பின்பக்கமாக நடவுங்கள். டமியோடு வேறு பக்கம் ஓடினால் துரத்தக் கூடாது. துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள், வந்துவிடும். 15 மீற்றர் சரியானதும் 30, பிறகு 50. அந்தத் தூரத்துக்கு ஒருவர் அங்கே நின்று எறிந்து உதவ வேண்டும். எப்போதும் காற்றுக்கு எதிராக அனுப்பத் தொடங்குங்கள், மணம் மூக்குக்கு வரும். கோடையில் சோளகம் எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று பார்த்து நிற்குமிடத்தை எடுங்கள்.

நேரம் விடிய ஆறு மணிக்கு முன் பின், அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு. இது குளிர்நாட்டு இரட்டை மயிர் உள்ள நாய். புறங்கையை ஏழு வினாடி நிலத்தில் வைக்க முடியாவிட்டால் நாயை இறக்க வேண்டாம்.

தண்ணீரில்

நாயைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டால் அது நீந்தும், பிறகு சாகும்வரை தண்ணீரை வெறுக்கும். நீங்கள் முதலில் இறங்குங்கள். முழங்கால் ஆழத்தில் நடவுங்கள், நாய் தானாக வரும். கால் நிலத்தில் படும் ஆழத்தில் சில நாட்கள் எடுக்கவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று மீற்றர் நீந்த வேண்டிய தூரத்துக்கு எறியுங்கள். முன்கால்களால் தண்ணீரை அடித்து நிமிர்ந்து நீந்தினால் பயப்படுகிறது என்று அர்த்தம். ஆழத்தைக் குறையுங்கள்.

கரையைத் தெரிவதில் அவசரம் வேண்டாம். சரிவான மணல்கரை, காற்று கடலிலிருந்து உங்கள் பக்கம் அடிக்க வேண்டும். நாய் விட்டுவிட்டாலும் டமி கரைக்கு ஒதுங்கும். காற்று உங்கள் முதுகில் அடித்தால் டமி உள்ளே போகப்போக நாயும் பின்னால் போகும். இதுதான் நாய்கள் களைத்து மூழ்கும் வழி. காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழமில்லாதது, ஆட்கள் வர முன்னர் விடியப் போனால் நல்லது. பருத்தித்துறைப் பக்கத்துப் பார்க்கல் கரை வேண்டாம், பாதம் வெட்டும். கடல்நீரேரியில் தங்கூசி வலையும் களங்கண்டிக் கம்புகளும் எங்கே நிற்கின்றன என்று மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். நீந்தும் நாயின் கழுத்தில் பட்டி இருக்கக் கூடாது, வலையில் கொழுவும். பச்சைப் பாயாசம் போல் பாசி பிடித்த குளத்தில் இறக்கினால் அந்தப் பாசியின் நஞ்சே நாயைக் கொல்லும். வன்னிப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு. முகமாலைப் பக்கம் போவதென்றால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குக் கிட்டவும் போக வேண்டாம்.

ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வலசை வாத்துகளும் பூநாரைகளும் மேயும் நீர்நிலைகளை விட்டு விலகியே பழக்குங்கள். நெடுந்தூரம் பறந்து வந்தவை அவை. ஒரு நாய் கலைத்தால் முழுக் கூட்டமும் எழும்பும்.

தண்ணீர்ப் பாடத்தில் எல்லோரும் முட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. நாய் கரையேறியதும் டமியைக் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறும். உதற வாய் திறக்கத் தேவையில்லை, ஆனால் அது பழகாத நாய்க்குத் தெரியாது. நீங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று, நாயின் கால் நிலத்தில் பட்டவுடனே, உதற முன்னர் வாங்குங்கள். ஒரு கிழமை அப்படி. பிறகு நீர் விளிம்பில் நில்லுங்கள். பிறகு ஒரு அடி பின்னால், இரண்டு அடி பின்னால். நாய் வெளியேறும் நேரம் நீங்கள் திரும்பி ஓடினால் உதறுவதை மறந்து உங்களைத் தொடரும். கீழே போட்டுவிட்டால் நீங்கள் எடுக்க வேண்டாம்; "பிடி" என்று சொல்லி அதையே எடுக்க வையுங்கள். தரையில் "பிடி" உறுதியாக இல்லாத நாய்க்கு இது சரிவராது. திரும்ப விறாந்தைக்குப் போங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு எறிதல் போதும். டமியோடு நீந்தும் நாய் வாய்வழியே தண்ணீர் விழுங்கும். உப்புத் தண்ணீர் என்றால் சத்தியும் கழிச்சலும். குளத்து நல்ல தண்ணீர் அளவு மீறினால் வயிறு ஊதி, தள்ளாடி, மயங்கும், உயிருக்கே ஆபத்து. அப்படிக் கண்டால் உடனே மிருக வைத்தியரிடம். கடற்கரைக்குப் போகும்போது வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோய் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

கிணற்றுத் தண்ணீரால் உப்பு முழுக்கப் போகும்வரை நாயைக் கழுவுங்கள். தொங்குகாதைத் தூக்கி உள்பக்கத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், குச்சி விட வேண்டாம். ஈரம் நின்றால் இரண்டு நாளில் காது நாறும். கால் விரல் இடுக்கில் உண்ணி, சிப்பி வெட்டு, நெருஞ்சி முள் பாருங்கள். வயலிலும் குளத்திலும் இறங்கும் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வருடா வருடம் வேண்டும்.

அடுத்த நாள் வால் அடியிலிருந்தே தொங்கி, ஆட்ட முடியாமல், தொட்டால் கத்தினால் பதற வேண்டாம். பழக்கமில்லாமல் கனநேரம் நீந்தியதால் வால் தசை நொந்திருக்கிறது. ஒரு கிழமை ஓய்வு விட்டால் பெரும்பாலும் சரியாகும். வீட்டிலுள்ள மனிதருக்கான நோக்குளிசை கொடுக்க வேண்டாம். சிலது நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.