அப்பாவுக்குக் காது மந்தமா? கவனிக்க வேண்டியவை, போக வேண்டிய இடம்

வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவது கீச்சென்ற ஒலிகள்தான். ச, ஸ, ஃப எல்லாம் தேய்ந்துபோகும். ஆ, ஓ நன்றாகவே விழும். அதனால்தான் என் அப்பா, "நீ பேசுறது காதுல விழுது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார். இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். "மாமாவுக்கு மறதி வந்துடுச்சு" என்று உறவுக்காரர்கள் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. காதில் விழாததை மனுசன் எப்படி நினைவில் வைப்பார்?

வசந்தம் தொலைக்காட்சிச் செய்தி அடுத்த வீடு வரை கேட்கிறதா, பேரப்பிள்ளைகள் பேச்சு மட்டும் புரியவில்லையா, தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் இரைச்சலான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் எதிரே உட்கார்ந்தால் ஒழுங்காகப் பதில் சொல்லும் அப்பா, தேக்கா உணவங்காடியில் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோசையா, புரோட்டாவா?" என்றேன். சிரித்துத் தலையாட்டினார்.

சரி, சிங்கப்பூரில் எங்கே போவது? காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). சில சமயம் குரும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே தெளிந்துவிடும். (பஞ்சுக்குச்சியால் குடைய வேண்டாம், அது குரும்பியை உள்ளேதான் தள்ளும்.) தேவையென்றால் அரசாங்க மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள், அந்த வழியில் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு கூடும்.

பரிசோதனை வலிக்காது. சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். ஒலி எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். முடிவை வரைபடமாகத் தருவார்கள்: வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற ஒலி) பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. நீண்ட கால இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தாக்கும். அதனால் பழைய வேலையைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விலையைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். 60 வயது நிரம்பியவர்கள் காது கேட்கும் கருவி வாங்க, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை அரசாங்க மானியம் உண்டு. வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள்.

கருவி மாட்டிய முதல் சில வாரங்கள் மின்விசிறிச் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். மூளை பழக நாளாகும். வீட்டில் தினமும் சில மணி நேரம் போடச் சொல்லுங்கள், பிறகு காப்பிக்கடை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரவில் உலர்பெட்டியில் வைப்பது நல்லது. அப்போதும் சரிப்படவில்லை என்றால் அலமாரியில் போட்டு வைக்காமல் செவிப்புலன் நிபுணரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். ஒலி அளவை மாற்றித் தருவார்.