முதலில் இறங்கி நடந்து பாருங்கள்

லடாக்கில் ராணுவத்தின் ஸ்டாலியன் லாரியை ஓட்டிய நாட்களில் என் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கழி கிடக்கும். ஆறடி நீளம், அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. வழியில் ஓடை குறுக்கிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கழியோடு இறங்கிவிடுவேன். இப்போது எங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்கு டிரைவராகப் போகிற தம்பிகள், "எந்த கியர்ல ஏறணும் அண்ணே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கியருக்கு முன்னால் கால் இருக்கிறது. சந்தேகமான இடத்தை நடந்து பார்க்காமல் வண்டியை விடாதீர்கள். ஸ்டாலியனுக்கு முன்மூக்கு கிடையாது, கேபினும் உயரம். மேலே உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் ஆழக் குழிகூடச் சின்னப் பள்ளமாகத்தான் தெரியும்.

நடந்து பார்த்தாயிற்று. அப்புறம் நாலு சக்கர ஓட்டத்தையும் லோ கியரையும் கெட்ட இடம் வருமுன்பே, வண்டி நிற்கும்போதே போட்டுவிடுங்கள். சிக்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். சரக்கையும் ஒருமுறை பாருங்கள். இது ரோட்டில் 7.5 டன், கரடுமுரடில் 5 டன் ஏற்றும் வண்டி. அந்த இரண்டரை டன் வித்தியாசத்தை யாரும் சும்மா வைக்கவில்லை. கனமானது அடியில் இருக்கட்டும், கயிறு இறுக்கமாக இருக்கட்டும்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடாதீர்கள், மேலே படுத்திருக்கட்டும். முன்சக்கரம் பாறையில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று திரும்பி அடிக்கும். என் முதல் குளிர்காலத்தில் அப்படி அடித்ததில் வலது கட்டைவிரல் வீங்கி, இரண்டு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

ஏற்றத்தை நேராக ஏறுங்கள். சரிவில் குறுக்காகப் போனால் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலே வண்டி கவிழப் பார்க்கும். பாதி மேட்டில் இழுக்காமல் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காதீர்கள், நியூட்ரலும் வேண்டாம். ரிவர்ஸ் கியர் போட்டு, இன்ஜின் பிடியிலேயே, ஏறிய தடத்தில் நேராகப் பின்னால் இறங்குங்கள். வழிகாட்டுகிறவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் யாருமே நிற்கக் கூடாது.

என்னைக் கேட்டால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். லே நகரத்திலிருந்து கார்துங் லா கணவாய் சுமார் 39 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,850 மீட்டர் ஏறுகிறோம். கணவாயின் உயரம் 5,359 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அங்கே இன்ஜின் மூச்சுத் திணறுவதை டிரைவர் காதால் கேட்டுப் பொறுமையாக ஏறிவிடுவார். உச்சி தாண்டியதும் "இனி இறக்கம்தானே" என்று மனசு தளர்கிறது பாருங்கள், அங்கேதான் கவனம் வேண்டும். ஏறிய கியரிலேயே, அல்லது அதற்கும் ஒன்று குறைத்து, உச்சியில் நிற்கும்போதே போட்டுக்கொண்டு புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இறங்குங்கள். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்கப் போய் அது விழவில்லை என்றால், வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடும். காலை பிரேக்கிலேயே வைத்திருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிரம் விரிசல் விட்டுவிடும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியைத் திறந்த கணத்தில் முகத்தில் பாயும்.

ஓடை விஷயத்துக்கு வருகிறேன். தாங்சேயிலிருந்து பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் ஓர் ஓடைக்குப் பாகல் நாலா என்றே பெயர், பைத்தியக்கார ஓடை. காலையில் குழந்தை மாதிரி ஓடும். வெயில் ஏறி மேலே பனி உருகினால், மதியத்துக்கு மேல் அது வேறு ஆறு. ஒரு ஜூலை மாதம் எங்கள் கன்வாய், அதாவது லாரி வரிசை, அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. போய்ச் சேர வேண்டிய முகாம் தூரமில்லை, எல்லோருக்கும் பசி. கழியை ஊன்றினேன். கரையோரத்திலேயே மூன்றாவது கோடு நனைந்தது. அதைவிட, தண்ணீருக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம், கற்கள் உருண்டு போகிற சத்தம். கல் உருளும் வேகத்தில் ஓடுகிற தண்ணீர் லாரியையும் தள்ளும். கேபினிலேயே இரவைக் கழித்தோம். காலை ஆறு மணிக்குச் சத்தமே இல்லை, தண்ணீர் இரண்டாவது கோட்டுக்குக் கீழே இருந்தது.

அப்படி இறங்கியபின் லோ கியரில் ஒரே சீராகப் போங்கள். நடுவில் கிளச்சைத் தொட வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். ஓட்டத்தை எதிர்த்துப் போகாமல், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாக அக்கரையைப் பிடியுங்கள். முன்னால் போன வண்டி கரையேறும்வரை அடுத்தது தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏறியதும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், நனைந்த பிரேக் லைனிங் காயும்.

இரவில் வண்டியை நிறுத்தியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிரேக்கின் காற்றுத் தொட்டிகளில் தேங்கிய ஈரத்தை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலையில் அது குழாய்க்குள் பனிக்கட்டியாகிவிடும். கட்டை கொடுத்துவிட்டு அடியில் உள்ள வால்வை இழுங்கள். தண்ணீரும் எண்ணெயும் கலந்து மோர் மாதிரி வெள்ளையாகத் தெறிக்கும். வெறும் காற்று மட்டும் வரும்வரை விடாமல் பிடித்திருங்கள்.