இலட்சத்தீவுக்கு உல்லாசக் கப்பலில் போகலாமா? கொழும்பிலிருந்து புறப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

2024 ஜனவரியில் இந்தியப் பிரதமர் இலட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படங்கள் பரவிய நாளிலிருந்து, அதுவரை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காத பலர் அங்கே போகும் வழியை விசாரிக்கத் தொடங்கினார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பானதே. கொச்சிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான் ஆகும். கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் இலட்சத்தீவுப் பக்கம் கப்பல்கள் போகின்றன. ஆனால் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கப்பலின் அறை, சாப்பாடு, கட்டணம் ஆகியவற்றையே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்தப் பயணத்தைப் போவதா விடுவதா என்று தீர்மானிக்கக் கப்பல் உதவாது. உங்கள் கையில் உள்ள கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது, அதை வைத்திருப்பவர் எந்தத் தீவில் இறங்கலாம், இறங்கினால் எத்தனை மணித்தியாலம் தரையில் நிற்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தத் தீவுகள் ஏன் இவ்வளவு காலம் மூடியே கிடந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் விதிகள் எரிச்சலூட்டாது. இலட்சத்தீவில் உள்ள 36 சிறு தீவுகளின் மொத்தத் தரைப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லையே அதைவிடப் பெரியது. அவற்றில் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்தவர்கள் 64,473 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியச் சட்டத்தில் பழங்குடியினர் என்ற பாதுகாப்பைப் பெற்றவர்கள். ஆறோ குளமோ இல்லாத முருகைக்கல் தீவுகளில், மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீராகக் கிடைக்கிறது. அதுவும் போதாமல் 2005இல் தலைநகர்த் தீவான கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கும் கப்பல் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1967ஆம் ஆண்டு நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, அத்தீவுகளைச் சேராத இந்தியர்களுக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. காங்கேசன்துறையைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்தைக் கண்டு பழகிய நமக்குத் தடை என்றாலே இராணுவம்தான் நினைவுக்கு வரும். இங்கே பாதுகாப்பும் ஒரு காரணம்தான் என்றாலும், தண்ணீரும் நிலமும் ஊர்க்காரரின் உரிமையும் அதற்குக் குறைந்த காரணங்கள் அல்ல.

இனி முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். வெளிநாட்டவருக்கு நெடுங்காலமாகத் திறந்திருப்பவை அகத்தி, பங்காரம், கட்மத் ஆகிய மூன்று தீவுகளே. இலட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் நடத்தும் புகழ்பெற்ற ஐந்து நாள் பயணமோ கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளுக்குப் போவது. அதாவது, இணையத்தில் இந்தியர்கள் மெச்சி எழுதும் அந்தப் பயணம் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஏற்றதல்ல. 1885இல் கட்டப்பட்ட மினிக்காய் வெளிச்சவீட்டின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இதில் நம்மவர்கள் அதிகம் சிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ, குடும்பமாகப் போவோம் என்று சொல்லி, எல்லோருடைய பெயரையும் சேர்த்து இந்தியர்களுக்கான கட்டணத்தில் முன்பதிவு செய்துவிடுவார்கள். பெயர்களும் முதலெழுத்துகளும் ஒரே மாதிரி இருப்பதால், துறைமுகத்தில் கடவுச்சீட்டை நீட்டும் வரை ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஆகவே முன்பதிவுப் படிவத்தில் நாட்டுரிமை என்ற பகுதி எப்படி நிரப்பப்பட்டிருக்கிறது என்பதை அதன் படத்தை வாங்கிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் விசா, அனுமதிப்பத்திரம், கப்பல் சீட்டு மூன்றிலும் ஒரே கடவுச்சீட்டின் இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

இந்திய விசாவைப் பொறுத்தவரை, இலங்கையர் இணையவழிச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கொச்சி, மும்பை விமான நிலையங்களில் அதைக் கொண்டு நுழையலாம். ஆனால் அந்த விசா தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்குச் செல்லாது என்று அதன் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இலட்சத்தீவுக்குத் தனியாக அனுமதி வேண்டும். முகவர் ஒருவர் “பெர்மிட் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், நீங்கள் யோசிக்காதேங்கோ” என்று சொன்னால் அப்போதுதான் யோசிக்க வேண்டும். அனுமதி யாருடைய பெயரில் வரும், எந்தெந்தத் தீவின் பெயர் அதில் இருக்கும், புறப்படுவதற்கு எத்தனை நாட்களுக்கு முன் கைக்குக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பதிலும் எழுத்துத்தான். தொலைபேசியில் சொன்னது மட்டும் போதாது.

மூன்றாவது கேள்வி நேரத்தைப் பற்றியது. பெரிய கப்பல் ஆழமற்ற களப்புக்குள் நுழைய முடியாது. முருகைக்கல் அரணுக்கு வெளியே, நீர் கருநீலமாக இருக்கும் இடத்தில் நின்றுவிடும். அங்கே கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள கதவைத் திறப்பார்கள். கீழே இயந்திரப் படகு அலையோடு எழும்பியும் தாழ்ந்தும் கொண்டிருக்கும். படகு எழும்பிவரும் கணத்துக்காகக் காத்து, இரண்டு பணியாளர்கள் இரு கைகளையும் பிடித்துக்கொள்ள, ஒரே எட்டில் உள்ளே கால் வைக்க வேண்டும். தயங்கினால் படகு கீழே போய்விடும், அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். இப்படியே சில நூறு பேரை இறக்கி, மாலையில் அதே முறையில் ஏற்ற வேண்டும். காலை எட்டு மணிக்குக் கப்பல் நின்றது என்று வைத்துக்கொண்டால், வரிசை, படகு, மதியச் சாப்பாடு எல்லாம் போக, கடற்கரையில் உங்கள் விருப்பப்படி கழிக்க நான்கு மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. கடல் கொஞ்சம் குழம்பினால் தீவில் இறக்காமலே கப்பல் திரும்பலாம். உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக அதற்கு இடம் வைத்தே எழுதப்படுகின்றன. எதற்காகப் போகிறோமோ அந்தத் தீவையே பார்க்காமல் வர நேரலாம் என்பதை ஏற்றுக்கொள்ள முடியாதவர் கப்பலில் போகாமல் இருப்பதே மேல்.

முழங்கால் வலியுள்ள அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் அந்தக் கதவருகே நிறுத்திப் பாருங்கள். கப்பலுக்குள் மின்தூக்கி, நீச்சல் தடாகம், சைவச் சாப்பாடு எல்லாம் இருக்கலாம். ஆனால் அவர்கள் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அறைக்குத் திரும்ப வேண்டிவரும். அதில் மனநிறைவு காண்பவர்களும் உண்டு. ஓய்வுக்காக, கடற்காற்றுக்காக, குடும்பத்தோடு இரண்டு மூன்று நாட்கள் சமையல் இல்லாமல் இருப்பதற்காகப் போகிறவர்களுக்கு உல்லாசக் கப்பல் குறையில்லாத தெரிவு; இலட்சத்தீவு அவர்களுக்கு ஒரு மேலதிகக் காட்சி மட்டுமே.

தீவுக்காகவே போகிறவர்களுக்கு என்னுடைய ஆலோசனை வேறு. கொச்சியிலிருந்து சிறிய விமானத்தில் அகத்திக்குப் போய், அங்கிருந்து படகில் பங்காரத்துக்குச் சென்று இரண்டு மூன்று இரவு தங்குங்கள். அகத்தி ஓடுபாதை தீவின் ஒரு முனையை முழுவதுமாக நிரப்பிக்கொண்டிருப்பதால், இறங்கும்போது இரண்டு பக்கமும் கடல்தான் தெரியும். அந்த ஒரு காட்சிக்கே விமானக் கட்டணம் தகும் என்பேன். கட்மத்தில் தங்கி முக்குளிப்புப் பழகுவதும் நல்ல வழி. கப்பற் பயணமும் வேண்டும் என்பவர்கள் கொச்சியிலிருந்து செல்லும் சாதாரண பயணிகள் கப்பலில் இடம் கிடைக்குமா என்று அதே சுற்றுலாப் பிரிவிடம் கேட்கலாம். தீவைப் பொறுத்துப் பதினான்கு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாள் வரை பிடிக்கும் அந்தப் பயணத்தில் ஆடம்பரம் இல்லை. மருந்தும் அரிசியும் கொண்டு ஊருக்குத் திரும்பும் தீவுவாசிகளோடு உட்கார்ந்து போகலாம், மலையாளம் கொஞ்சம் விளங்கினால் நல்ல பேச்சுத்துணையும் கிடைக்கும்.

களப்பும் வெண்மணலும் மட்டுமே தேவையென்றால் மாலைதீவு இருக்கிறது. மினிக்காய்க்குத் தெற்கே எட்டாம் பாகைக் கால்வாய் எனும் கடற்பகுதியைத் தாண்டினால் மாலைதீவுதான். இரண்டும் கடலுக்கடியில் ஒரே மலைத்தொடரின் மேல் எழுந்தவை. இலங்கையருக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கிறது, அனுமதிப்பத்திரத் தொல்லை இல்லை, மக்கள் வாழும் தீவுகளில் சிக்கனமான விருந்தினர் விடுதிகளும் உண்டு. பலருடைய தேவை இதிலேயே தீர்ந்துவிடும் என்பதே என் எண்ணம்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலிமுகத்திடலில் அலை சுவரைத் தாண்டி வீதியில் தெறிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலும் அப்படித்தான் இருக்கும். ஒக்டோபரின் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் இன்னும் அமைதியாக இருக்கும். கடலில் சத்தி வருபவர்கள் வைத்தியரிடம் கேட்டுக் குளிசையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் போட்டால் பயன் குறைவு.

இலட்சத்தீவில் மது கிடையாது. பங்காரம் மட்டுமே விதிவிலக்கு. தீவுவாசிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதால் கடற்கரை உடுப்போடு ஊருக்குள் நடப்பது அழகல்ல. உயிரற்றுக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் முருகைக்கல் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, அது குற்றம். செய்மதித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அனுமதியின்றி அதை இந்தியாவுக்குள் கொண்டுபோனால் பொலிஸ் வரை போக நேரும். காசு எடுக்கும் இயந்திரங்கள் சில தீவுகளில் இருந்தாலும் அவற்றை நம்பியிராமல், தேவையான இந்திய ரூபாயைக் கொச்சியிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கடலிலிருந்து நோயாளியை உலங்குவானூர்தியில் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். கடுமையான நோயாளிகளை அங்கிருந்து கொச்சிக்கு அப்படித்தான் கொண்டுவருகிறார்கள்.

பணம் கட்டும் ஒழுங்கும் முக்கியம். முதலில் இந்திய விசாவை எடுங்கள். அது மற்றப் பயணங்களுக்கும் உதவும் என்பதால் வீணாகாது. பிறகு, அனுமதி மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும் என்று எழுதித் தரும் முகவரிடம் மட்டும் முற்பணம் கட்டி, பற்றுச்சீட்டில் அந்த வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரும் தீவின் பெயரும் உள்ள அனுமதிப்பத்திரம் வந்த பின் மீதியைக் கட்டுங்கள். கொழும்பு–கொச்சி விமானச் சீட்டை அதற்குப் பிறகே வாங்கி, கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே கொச்சியில் இறங்கிவிடுங்கள். திரும்பும் விமானத்தையும் கப்பல் கரைசேரும் நாளன்று வைக்காமல் மறுநாளுக்கு வையுங்கள்.