பழைய திமிரி நாயனத்துக்குச் சுருதி திரும்பிய விதம்

பழைய நாயனங்களை, அதாவது நாதஸ்வரங்களைச் சேர்க்கிறவன் நான். போன வருடம் கைக்கு வந்த ஒரு திமிரியில் (குட்டையான, சுருதி கூடின நாயனம்) காற்று கசிந்தது, அடிஸ்வரம் ஏறியே நின்றது. உலவில், அதாவது மரக்குழலில்தான் விரிசல் என்று பயந்துபோய், இருட்டறையில் உள்ளே சின்ன விளக்கை விட்டுப் பார்த்தேன். எங்குமே வெளிச்சம் கசியவில்லை. நல்ல ஆச்சா மரம், நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு உத்தரங்களிலிருந்து எடுத்துக் கடைவார்களே, அது அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

கசிவு கெண்டையில்தான், அதாவது சீவாளியைச் செருகி உலவின் மேல்முனையில் பொருத்தும் உலோகக் குழாயில். சுற்றியிருந்த நூல் மக்கிப்போயிருந்தது. பிரித்துவிட்டுப் புதுப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, திருகி உட்காரவைத்ததும் கசிவு நின்றது.

சரி, சுருதி? நாயனத்தில் 12 துளைகள், விரல் படுவது 7 மட்டும். மீதி 5 துளைகளில் மெழுகு வைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். முன்பு வைத்திருந்தவர் அழுக்கென்று நினைத்து அதை முழுக்கச் சுரண்டிவிட்டார், பார்த்ததும் மனசு வலித்தது. தேன்மெழுகை உருட்டிக் கொஞ்சமாகத் துளையின் ஓரத்தில் அப்பினேன். துளை குறுகக் குறுக ஸ்வரம் இறங்கும். சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, வைப்பதும் எடுப்பதுமாக இரண்டு மாலை போனது. அப்புறம் சட்ஜம் ('ஸ') சேர்ந்தது.

பழைய நாயனம் வாங்கினால் தயவுசெய்து அந்த மெழுகைத் தொடாதீர்கள், வார்னிஷும் அடிக்காதீர்கள்.