ஏர்கோன் சொட்டினால்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வந்த மூன்றாவது வாரம். செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. நள்ளிரவில் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கனவென்று புரண்டு படுத்தேன். இரண்டாவது சொட்டு காதுக்குள் இறங்கியதும் எழுந்து விளக்கைப் போட்டேன். கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஏர்கோனின் அடிவிளிம்பு முழுவதும் தண்ணீர் கோத்து நின்றது. ஊரில் ஏசி என்று நாம் சொல்வதைத்தான் இங்கே ஏர்கோன் என்கிறார்கள்.

மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றார். 120 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வாங்கிக்கொண்டு கேஸ் அடைத்துவிட்டுப் போனார். அன்றிரவும் சொட்டியது.

கதையைக் கேட்ட எதிர்வீட்டு அக்கா சிரித்தார். "தம்பி, அது என்ன சமையல் கேஸா, தீர்ந்துபோவதற்கு?"

அவர் கேட்டது முற்றிலும் சரி. ஏர்கோனுக்குள் இருக்கும் கேஸ் மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஆகவே யாராவது கேஸ் என்று ஆரம்பித்தால், மானியை மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்றும் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பை வெளியே வைத்தால் வேர்ப்பது போல, உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளும் வேர்க்கிறது. படுக்கையறைப் பெட்டி ஒன்று ஓர் இரவில் பல லிட்டர் தண்ணீரைப் பிரித்துவிடும். அது சுருளுக்கு அடியிலுள்ள தட்டில் விழுந்து, விரல் தடிமனுள்ள வடிகுழாய் வழியாக வெளியே போக வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்து கூழ் போல உறைந்துவிட்டால், தட்டு நிரம்பித் தலையணையில் வழியும்.

மான்செஸ்டரில் இருக்கும் என் தங்கைக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அவள் வீட்டு ரேடியேட்டரில் அடிப்பக்கம் சுட்டு மேல்பக்கம் சில்லிட்டிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறதாம். சூடாக்கியை அணைத்து ஆறவிட்டு, சின்னச் சாவியால் மேல்மூலைத் திருகைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிடுவாள். அங்கே காற்றை வெளியேற்றுகிறார்கள், இங்கே தண்ணீரை.

அக்கா செய்த வைத்தியம் இது. முதலில் சுவரிலுள்ள ஏர்கோன் சுவிட்சை அணைத்தார். வடிகுழாயின் மறுமுனை எங்கள் வீட்டில் குளியலறைத் தரையோரம் இருந்தது. சில வீடுகளில் பால்கனியில் இருக்கும். ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வகை வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து, குழாய் முனையோடு பொருத்தி, இடைவெளியில் ஈரத்துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு 'களக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் நுங்கு போல வழவழவென்று, ஆனால் சாம்பல் நிறத்தில், ஒரு கை அளவு வஸ்து. அதன்பின் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். குளியலறையில் தடையில்லாமல் வந்து விழுந்தது. மொத்தச் செலவு, அக்காவுக்கு ஒரு தேநீர்.

வெளிமுனையில் வாயையோ பம்பையோ வைத்து ஊத வேண்டாம். அழுக்கு மேலேறிச் சுவரெல்லாம் வழியும். குழாய் முனை பன்னிரண்டாவது மாடியின் வெளிச்சுவரில் இருந்தால் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற இரண்டு தகடுகள் கையோடு வரும். குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். சுமத்ரா பக்கமிருந்து புகைமூட்டம் வரும் நாட்களில் வாரம் ஒருமுறை. வடிகட்டி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். அது உருகும்போதும் சொட்டும். பனிக்கட்டியைப் பார்த்தவுடன் கேஸ் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் பனி பிடித்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், மின்பணியாளர்தான்.

ஆள் வந்தால் சாதாரண சர்வீஸா, கெமிக்கல் வாஷா என்று கேட்பார். பின்னது பெட்டியைக் கழற்றி, சுருளையும் விசிறிச் சக்கரத்தையும் மருந்து போட்டுக் கழுவுவது. நாற்றம் அடித்தால், சக்கரத்தில் கறுப்பாகப் படிந்திருந்தால் செய்யலாம்; ஒவ்வொரு முறையும் தேவையில்லை. சொல்லும் விலை ஒரு பெட்டிக்கா, வீட்டுக்கா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது ஒவ்வோர் ஏர்கோனையும் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கூரையில் மஞ்சள் கறை இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஏர்கோன் சர்வீஸ் வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ரசீதுகளைத் தொலைத்தால் முன்பணத்தைத் திரும்ப வாங்கும் நாளில் வருந்துவீர்கள். இன்னொன்று: ஊரில் டன் கணக்கு, இங்கே ஹெச்பி கணக்கு. குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு பிடியூ; நம் ஒரு டன் 12,000 பிடியூ. இங்கே ஒரு ஹெச்பி ஏறத்தாழ 9,000தான். ஊரில் ஒரு டன் போதுமாக இருந்த அறைக்கு இங்கே ஒன்றரை ஹெச்பி கேளுங்கள்.

பழுதுபார்ப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இரண்டு மலாய்ச் சொற்கள் போதும். குளிரவில்லை என்றால் 'தாக் செஜோக்'. ஒழுகினால் 'போச்சோர்'. தண்ணீருக்கு 'ஆயர்', ஆங்கிலத்தில் காற்றுக்கு எழுதும் அதே மூன்றெழுத்து. முதல் மாதம் ஆயர் சிலாங்கூர் பில் வந்தபோது, காற்றுக்கும் இந்த ஊரில் காசா என்று அக்காவிடம் ஓடினேன். அது தண்ணீர்க் கட்டணம். ஏர்கோனுக்கான கணக்கு தெனாகா நேஷனல் மின்சார பில்லில் தனியாக வந்தது.