நாலு வாளி பீருக்கு ஒரே தொட்டித் தண்ணீர்

குளிர்காலத்தில் ஒரே சமயம் மூன்று நான்கு வாளி பீர் நொதிக்க வைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாளிக்கு வாளி ஹீட்டர் வாங்காதீர்கள். சுற்றிக் கட்டும் ஹீட்டர் பெல்ட் ஒரு வாளிக்குச் சரி. நான்கு வாளி என்றால் நான்கு பெல்ட், நான்கு தெர்மோஸ்டாட் என்று செலவும் வயரும்தான் பெருகும். எல்லா வாளிகளையும் ஒரே தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைச் சூடாக வைத்திருங்கள்.

அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும். வாளிக்குள் பீர் நிற்கும் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே வரும்வரை வெளியே தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் மேலே போனால் வாளி கனமிழந்து ஆடும். மீன் தொட்டிக்குப் போடும் 150 வாட் ஹீட்டர் ஒன்று, சின்ன பம்ப் ஒன்று. பம்ப் கட்டாயம் வேண்டும். தண்ணீர் சுழலாவிட்டால் ஹீட்டருக்குப் பக்கத்து வாளிக்கு மட்டும்தான் சூடு. தண்ணீர்ப் பரப்பை தெர்மோகோல் துண்டுகளால் மூடுங்கள். ஆவியாகிப் போகும் சூடு நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஏன் தண்ணீர் என்கிறேன்? நான்கு வாளியும் ஒரே வயதில் இருக்காது. சில நாள் முன் ஈஸ்ட் போட்டது இன்னும் நொதித்துக்கொண்டு தானாகவே சூடாகும். காற்றில் வைத்தால் அறையைவிட 3, 4 டிகிரி கூட ஏறிவிடும். போன வாரத்து வாளி அடங்கிக் குளிரத் தொடங்கியிருக்கும். இரண்டையும் ஓர் அலமாரியில் வைத்து காற்றைச் சூடாக்கினால், சென்சாரை எந்த வாளியில் ஒட்டினாலும் மற்றதற்குப் பொருந்தாது. தண்ணீரோ இளசிடமிருந்து சூட்டை வாங்கி முதிர்ந்ததற்குக் கொடுக்கும். இந்த வேலையை எந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகச் செய்யாது.

வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பீரின் சாதாரண ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். நான் தண்ணீரை 20-இல் நிறுத்துவேன். மீன் தொட்டி ஹீட்டர்கள் பலவற்றை அதற்குக் கீழே இறக்க முடியாது. 18, 19 வேண்டுமென்றால் தனி தெர்மோஸ்டாட்டில் மாட்டி, சென்சாரைத் தண்ணீரில் விடுங்கள். புது வாளியை முதல் இரண்டு மூன்று நாள் தொட்டிக்கு வெளியே, 16, 17 டிகிரி அறையில் வைப்பது என் வழக்கம். அந்த நாட்களில் சூடு மீறினால்தான் தொண்டையை எரிக்கும் கனத்த ஆல்கஹால்கள் உருவாகும். நுரை அடங்கியதும் உள்ளே இறக்குங்கள். கடைசிக் கட்டத்தில் இந்தச் சூடு இருந்தால்தான் வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலை ஈஸ்ட் தின்று தீர்க்கும். குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீருக்கும், 30 டிகிரிக்கு மேல் கேட்கும் க்வெய்க் என்ற நார்வே ஈஸ்டுக்கும் இந்தத் தொட்டியில் இடமில்லை.

குண்டு பல்பைப் போட்டுச் சூடாக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் குடுவையென்றால் வெளிச்சம் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சாரத்தைக் கெடுத்து பீரை நாற வைக்கும்.

தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடம் என்பதால் மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதைச் செய்யாதீர்கள். வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடுமுன் ஸ்விட்சை அணையுங்கள்.

பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் மாறாமல் நின்றால் அந்த வாளி முடிந்தது, வெளியே எடுக்கலாம். எடுத்ததும் நீர்மட்டம் சட்டென்று இறங்கி ஹீட்டரின் தலை வெளியே தெரியும். உடனே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் முழுகியபிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.