மனித உரிமை படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

டிசம்பர் 10 வந்தால் கல்லூரிகளில் உறுதிமொழி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று மனித உரிமை நாள் நடந்து முடியும். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் படிப்பும் அப்படித்தான் இருக்கும், நல்ல கருத்துகளை நாலு பேர் முன் பேசப் பழகினால் போதும் என்று நினைத்துச் சேருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால், மகனைக் காவல் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டார்கள் என்று ஒரு தாய் வந்து நின்றால் அவருக்கு மேற்கோள் எதற்கு? யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது, எந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது என்று சொல்ல ஆள் வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பு. மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

சேரும் முன்பே நடக்கும் தவறுகள்

எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்காமல் சேர்ந்துவிடுவது முதல் தவறு. மனித உரிமையில் எம்.ஏ. முடித்தால் நீதிமன்றத்தில் வாதாட முடியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது. அதற்குச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவது குறிக்கோள் என்றால் யூ.ஜி.சி. நெட் தேர்வில் ‘மனித உரிமைகளும் கடமைகளும்’ என்றே தனிப் பாடம் இருக்கிறது. அதற்கு முதுநிலைப் பட்டம் தேவை. ஏற்கெனவே வழக்கறிஞராகவோ, சமூகப் பணியாளராகவோ, செய்தியாளராகவோ இருப்பவருக்கு இரண்டு வருடப் படிப்பு அவசியமே இல்லாமல் போகலாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் திறந்திருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. சர்வதேச மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் இணையவழிக் குறும்படிப்புகள் இலவசம். அடிப்படை பிடிபட அவையே போதும். ஆனால் அந்தச் சான்றிதழ்களை அடுக்கி வைத்தால் வேலை வரும் என்று எண்ண வேண்டாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பெயரில் ‘மனித உரிமை’ என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் பயிற்சி, அடையாள அட்டை, ‘மாவட்டச் செயலாளர்’ பதவி, வண்டியில் ஒட்ட ஸ்டிக்கர் என்று பணம் வாங்கும் அமைப்புகள். அரசு முத்திரை போலவே ஒரு சின்னமும் இருக்கும். அந்த அட்டைக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. மனித உரிமை ஆணையங்கள் 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டவை. அவை யாருக்கும் பதவி விற்பதில்லை. இப்படி அட்டை வாங்கிய இளைஞர்கள் காவல் நிலையத்தில் போய் அதை நீட்டி, கடைசியில் தாங்களே வழக்கில் சிக்கிக்கொள்ளும் நிலைகூட வரலாம். தேசிய ஆணையத்தில் மாணவர்களுக்கான உள்ளகப் பயிற்சி உண்மையிலேயே இருக்கிறது. டெல்லியில் கோடையிலும் குளிர்காலத்திலும் நேரடியாக நடக்கிறது, இணையவழியில் இரண்டு வாரப் பயிற்சியும் உண்டு. அறிவிப்பை ஆணையத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள்.

பழைய நோட்ஸ்

சீனியர் கொடுத்த நோட்ஸை வைத்துப் படிப்பது நம் ஊர் வழக்கம். இந்தப் பாடத்தில் இப்போது அது பெரிய தொல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. குற்றவியல் நடைமுறையில் எஃப்.ஐ.ஆர். பதிவு பழைய 154-ஆவது பிரிவிலிருந்து 173-க்குப் போய்விட்டது. கூட்டம் கூடத் தடை என்று எல்லோரும் சொல்லும் 144 இப்போது 163. புதிய சட்டத்தில் 144 என்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம்! ஆக, பழைய எண்ணைப் போட்டு மனு எழுதினால் படிக்கிற அதிகாரி ஒதுக்கி வைக்க ஒரு காரணம் கிடைக்கும். ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும் என்பதால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு பட்டியல் நீங்களே போட்டுக்கொள்வது நல்லது.

கையெழுத்துப் போட்டால் முடிந்ததா?

தேர்வுத் தாள்களில் சாதாரணமாகக் காணக்கூடிய பிழை இது: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு என்று எழுதுவது. இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. கையெழுத்து ஓர் எண்ணத்தைக் காட்டுகிறது. ஏற்புறுதி செய்தால்தான் நாடு கட்டுப்படுகிறது. 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 30 உறுப்புகளையும் மனப்பாடம் செய்தவர்கள்கூட இதைத் தவற விடுகிறார்கள். பிரகடனம் ஓர் ஒப்பந்தம் அல்ல. 1966-இன் இரண்டு உடன்படிக்கைகள்தான் ஒப்பந்தங்கள். அவற்றில் இந்தியா 1979-இல் இணைந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993-இல் ஏற்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு நம்மிடம் சட்டமே இல்லாதிருந்த காலத்தில், 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துக்கொண்டு விதிமுறைகளை வகுத்தது. அவை 2013-இல் சட்டமாயின. சர்வதேசத் தாள் ஒன்று நம் அலுவலகத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்று புரிய இந்த ஒரு வழக்கை ஒழுங்காகப் படித்தால் போதும்.

இலங்கையில் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: இந்தியப் பாடக்குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 126-ஆவது உறுப்பே சொல்கிறது. இங்கே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் 32-ஆவது உறுப்பிலோ, உயர் நீதிமன்றத்துக்குப் போகும் 226-ஆவது உறுப்பிலோ அப்படி ஒரு கெடு எழுதப்படவில்லை.

ஆணையத்தைப் பற்றிய குழப்பம்

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பிவிட்டார் என்று மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதில் பயன் இல்லை. அரசு ஊழியர் செய்த மீறல், அல்லது தடுக்க வேண்டிய அரசு ஊழியர் காட்டிய அலட்சியம், இதைத்தான் ஆணையம் விசாரிக்கும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு வருடம் தெரியாமல் எத்தனையோ நல்ல புகார்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. படித்தவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.

‘ஆணையம் வெறும் பரிந்துரைதானே செய்யும், அதனால் என்ன பயன்’ என்று எழுதிவிட்டு நகர்வதும் அவசரம். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் படிக்காமல் ஆணையத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் கட்டுரை எழுதக் கூடாது.

தீர்ப்புகளைச் சுருக்கமாகப் படிப்பதும் இதே வகை. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 நெறிகளை வகுத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதினொன்றையும் வாசியுங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீசார் கைது செய்த தந்தையும் மகனும் இறந்தபோது எழுந்த கேள்விகளில் பல இந்த வரிகளைத்தான் சுற்றி நின்றன. இந்த நெறிகளைக் காவல் நிலையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் ஊர் நிலையத்தில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

களத்தில் செய்யக் கூடாதவை

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பகுதிதான். ப்ராஜெக்டுக்காக மாணவர்கள் ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். தாக்கப்பட்ட குடும்பத்தை உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். அன்று மாலையே அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. அந்தக் குடும்பம் அதே தெருவில்தான் இனியும் வாழ வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் இதைத் தடை செய்கிறது. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் என்று எல்லாவற்றையும் எழுதினாலும் அடையாளம் வெளிவந்ததுதான்.

அனுபவமுள்ள உண்மை அறியும் குழுக்கள் இதில் மிகக் கவனமாக இருக்கும். முதலில் கையில் இருக்கும் ஆவணங்களைப் படித்துவிட்டுத்தான் ஆளைப் பார்க்கப் போவார்கள். எஃப்.ஐ.ஆரில் இருப்பதை அழுதுகொண்டிருப்பவரிடம் மறுபடி கேட்க மாட்டார்கள். காவல்துறையையும் வட்டாட்சியரையும் எதிர்த்தரப்பையும் பார்ப்பார்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய அறிக்கை நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கே எதிராகத் திரும்பலாம். அப்புறம் இன்னொன்று: உங்களால் செய்ய முடியாத உதவியைச் செய்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிப்பது

குழந்தை, பெண், அகதி, சுற்றுச்சூழல், கைதி என்று பாடத்திட்டம் நீளும். எல்லாவற்றிலும் இரண்டு பக்கம் தெரிந்து எதிலும் இருபது பக்கம் தெரியாமல் வெளியே வருவது வழக்கமாகிவிட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு அடிவரை போங்கள். மலக்குழியிலோ சாக்கடையிலோ இறங்கிச் சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் இறப்பது, அதாவது மலக்குழி மரணம், என்று வைத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 17 (தீண்டாமை ஒழிப்பு), 21 (உயிர் வாழும் உரிமை) உறுப்புகள், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-இன் சட்டம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன 2014 தீர்ப்பு, அதை 30 லட்சமாக உயர்த்திய 2023 அக்டோபர் தீர்ப்பு என்று வரிசையாகப் படிக்கலாம். படித்துவிட்டு உங்கள் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை குடும்பத்துக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்தது, எந்திரம் வாங்க எவ்வளவு செலவானது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.